ஒற்றை டிஸ்கில் ஓடும் இரட்டை டிஸ்க் சர்வர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் சிறுதொழில் பக்கத்தில் அலுவலகக் கணினிகளின் பாதுகாப்பு பற்றி வெளியான ஆலோசனைகளுக்கு நடுவே, முக்கியமான கோப்புகள் உள்ள கணினியில் ஒன்றுக்கு இரண்டாக ஹார்டு டிஸ்க் பொருத்தி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்படி மிரர் செய்துவிட்டால் தரவு இழப்பு பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று ஒரு வரி இருந்தது. இரண்டு டிஸ்க் போடுவது நல்ல யோசனை; என்னிடம் வருகிறவர்களுக்கு நானும் அதையே சொல்கிறேன். கவலைப்பட வேண்டியதில்லை என்பதுதான் ஆபத்தான வாக்கு. சிவகாசியில் அச்சகங்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் சர்வர் அமைத்துப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன் நான். மிரர் செய்த இடங்களிலும் தரவு போகிறது. அப்படிப் போகும்போது, ஒரு டிஸ்க் செத்ததை யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் விட்டதோ, கவனித்த பிறகு அவசரப்பட்டுச் சரிசெய்யப் போனதோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

மிரர் என்பது புதிய ஏற்பாடு அன்று. 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவரும், விலை மலிவான பல டிஸ்குகளைக் கூட்டாக இயக்கும் முறைகளை ரெய்டு என்ற பெயரில் ஐந்து வகையாகப் பிரித்து எழுதினார்கள். அப்போதே புழக்கத்தில் இருந்த மிரர் முறையை அவர்கள் முதல் வகையாக வைத்ததால்தான் இன்றும் அதை ரெய்டு-1 என்கிறோம். அவர்கள் போட்ட நம்பகத்தன்மைக் கணக்கில் டிஸ்கின் ஆயுளோடு இன்னொரு எண்ணும் சேர்ந்தே வருகிறது: பழுதான டிஸ்கை மாற்றிச் சரிசெய்ய ஆகும் நேரம். முதல் டிஸ்க் போனதற்கும் புதிய டிஸ்க் முழுதாக நிரம்புவதற்கும் இடைப்பட்ட காலத்தில் இரண்டாவது டிஸ்கும் போனால்தான் தரவு போகும் என்பதால், அந்த இடைவெளி எத்தனை மடங்கு நீள்கிறதோ ஆபத்தும் ஏறக்குறைய அத்தனை மடங்கு ஏறும். ஒரு நாளில் மாற்றுகிறவரைவிட ஆறு மாதம் கழித்து மாற்றுகிறவர் சுமார் 180 மடங்கு ஆபத்தை ஏற்றுக்கொள்கிறார். டிஸ்க் வாங்கும்போது எந்த கம்பெனி நல்லது என்று அரை மணி நேரம் விசாரிக்கிறோம். இந்த இடைவெளியைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

இடைவெளி நீள்வதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் இல்லை. ஒரு டிஸ்க் பழுதாகி விழுந்தாலும் வேலை நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே மிரர் செய்கிறோம். அதன்படியே அது ஓடுகிறது. டிசைனர் கோப்பைத் திறக்கிறார், சேமிக்கிறார், அச்சுக்கு அனுப்புகிறார். எதிலும் மாற்றம் தெரிவதில்லை. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் சர்வராக இருந்தால், மிரரின் நிலையைக் காட்டும் கோப்பில் இரண்டு டிஸ்கும் நலமாக இருக்கும்போது அடைப்புக்குறிக்குள் இரண்டு ‘யு’ எழுத்துகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று விழுந்தால் அந்த எழுத்தின் இடத்தில் ஓர் அடிக்கோடு வரும். அவ்வளவுதான் அறிவிப்பு. சர்வரைப் பூட்டி வைத்திருக்கும் அறைக்குள் போய், கறுப்புத் திரையில் அந்த வரியைத் தேடிப் படிப்பவர் யார்? நாஸ் பெட்டிகள், அதாவது நெட்வொர்க் வழியாகப் பலரும் கோப்பு சேமிக்கும் தனிப் பெட்டிகள், கொஞ்சம் பரவாயில்லை, பீப் என்று கத்தும். ஆனால் அந்தச் சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, விளக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருக்கும் பெட்டிகளை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இதற்கான மருந்து செலவில்லாதது. லினக்ஸில் மிரரைக் கண்காணிக்கும் எம்டிஆட்ம் என்ற நிரலில் ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து வைத்தால், டிஸ்க் விழுந்த உடனே தகவல் அனுப்பும். நாஸ் பெட்டிகளிலும் மதர்போர்டோடு வரும் ரெய்டு மென்பொருள்களிலும் இதே வசதி பெரும்பாலும் உண்டு. ஆனால் அமைத்துக் கொடுப்பவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார், அல்லது தன் சொந்த முகவரியைப் போட்டுவிட்டு ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுகிறார். அந்த மின்னஞ்சல் உண்மையில் வந்து சேர்கிறதா என்று ஒரு சோதனைத் தகவல் அனுப்பிப் பார்க்க அதே நிரலில் வழி இருந்தும், அதைச் செய்து காட்டி விட்டுப் போகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த ஊரில் நடந்த ஒன்றைச் சொன்னால் நான் சொல்ல வருவது விளங்கும். அச்சகத்தின் பெயர் வேண்டாம். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசியின் வழக்கம் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கான டிசைன் வேலைகள் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். அந்த அச்சகத்தின் சர்வரில் இரண்டு டிஸ்க் மிரர். ஆண்டுத் தொடக்கத்தில் தூசி தட்ட வந்த ஆள் பெட்டியைத் திறந்து பிளோயர் அடித்தபோது, ஒரு டிஸ்கின் சாட்டா கேபிள் தளர்ந்துவிட்டது. அந்த டிஸ்க் மிரரிலிருந்து விலகியது. சர்வர் மற்ற டிஸ்கில் ஓடிக்கொண்டே இருந்தது. காலண்டர் வேலை அனைத்தும் அந்த ஒற்றை டிஸ்கில் மட்டுமே பதிவாகி வந்தது. பிறகு ஒரு நாள் சர்வரைப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். தூக்கி வைத்ததில் தளர்ந்திருந்த கேபிள் அழுந்திக்கொண்டது, நன்றாக இருந்த டிஸ்கின் கேபிள் விலகிவிட்டது. இயக்கியபோது சர்வர் வழக்கம்போல எழுந்தது, ஆனால் எழுந்தது மாதங்களுக்கு முன்பு நின்றுபோன டிஸ்கிலிருந்து. டிசைனர்கள் வந்து பார்த்தால் அந்த சீசனின் ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை. யாரோ அழித்துவிட்டார்கள் என்று ஆளுக்கு ஆள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தபோது, அழைக்கப்பட்ட சர்வீஸ் ஆள் வந்து, ஒரு டிஸ்க் மிரரில் இல்லை என்பதைக் கண்டார், கேபிளை அழுத்தினார், திரையில் கேட்டபடி, ஒரு டிஸ்கைப் பார்த்து மற்றதை மறுபடி நிரப்பும் ‘ரீபில்ட்’ கட்டளையைக் கொடுத்தார். பழைய டிஸ்கில் இருந்தது முழுவதும், புதிய வேலை இருந்த டிஸ்கின் மேல் அச்சுப் பிசகாமல் எழுதப்பட்டது.

என்னை அழைத்தது அதற்குப் பிறகு. அழித்த கோப்பை மீட்க வழி உண்டு, டிஸ்கின் மோட்டார் நின்றால்கூட அதற்கென்று உள்ள ஆய்வகங்கள் உண்டு. ஆனால் அதே இடத்தின் மேல் வேறு தரவை எழுதிவிட்டால் எந்த ஆய்வகத்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. வாடிக்கையாளர்களுக்கு ஒப்புதலுக்காக மின்னஞ்சலில் அனுப்பியிருந்த பிடிஎஃப்களையும், பிளேட் எடுக்கும் சிடிபி இயந்திரத்தின் கணினியில் மிச்சமிருந்த படக் கோப்புகளையும் ஒன்று சேர்த்துத்தான் அவர்கள் அந்த ஆண்டை ஓட்டினார்கள். டிஸ்க் இரண்டுமே நல்ல நிலையில் இருந்தன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கோளாறெல்லாம் கேபிள் இணைப்பில்தான்.

ஆகவே, மிரரைச் சரிசெய்யப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது எதையும் செய்யாமல் இருப்பதுதான். ‘ரீபில்ட்’, ‘ரிப்பேர்’, ‘இனிஷியலைஸ்’ என்று திரை எதைக் கேட்டாலும் உடனே சம்மதிக்கக் கூடாது. எந்த டிஸ்க் இப்போது ஓடுகிறது, எந்த டிஸ்க் எப்போது விலகியது, இரண்டிலும் கடைசியாகப் பதிவான கோப்பின் தேதி என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். லினக்ஸ் மிரரில் ஒவ்வொரு டிஸ்கின் தலைப்பிலும் நிகழ்வு எண் ஒன்று ஏறிக்கொண்டே வரும். இரண்டையும் ஒப்பிட்டால், எண் குறைவாக உள்ளது பின்தங்கிய டிஸ்க் என்று தெரிந்துவிடும். மேலே சொன்னதுபோல இரண்டு டிஸ்கும் வெவ்வேறு காலத்தில் தனித்தனியாக ஓடியிருக்கும் சந்தேகம் இருந்தால் அந்த எண்ணையும் முழுதாக நம்பாமல், டிஸ்குகளை ஒவ்வொன்றாக எழுத முடியாத நிலையில் திறந்து, உள்ளே இருக்கும் கோப்புகளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதன் பிறகு, நல்ல டிஸ்கில் உள்ள தரவை வெளியே வேறொரு டிஸ்கில் நகல் எடுக்க வேண்டும். இந்த நகலுக்கு முன்னால் புதிய டிஸ்கை மாட்டுகிறவர் வாடிக்கையாளரின் தலையை வைத்துச் சூதாடுகிறார் என்றுதான் சொல்வேன். ஏனென்றால் ரீபில்ட் என்பது மிஞ்சியிருக்கும் ஒற்றை டிஸ்கை, தரவு பதியும் சிறு துண்டுகளான செக்டர்களில் முதலாவதிலிருந்து கடைசி வரை ஓய்வில்லாமல் படிக்கும் வேலை. பெரும்பாலும் இரண்டு டிஸ்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கப்பட்டவை. ஒரே சூட்டில் ஒரே அளவு ஓடியவை. ஒன்று மூப்பில் விழுந்திருந்தால் மற்றதும் அதே வயதுதானே?

எந்த டிஸ்கைக் கழற்றுவது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. மென்பொருள் 0, 1 என்று எண்ணும். பெட்டியின் முகப்பில் 1, 2 என்று ஒட்டியிருப்பார்கள். ‘1 பழுது’ என்று திரையில் வந்ததும் முகப்பில் 1 என்றிருப்பதை உருவினால், உருவியது ஓடிக்கொண்டிருக்கும் ஒரே நல்ல டிஸ்க். லினக்ஸிலோ, டிஸ்குக்குத் தரப்படும் பெயர் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் மாறக்கூடியது. நம்பத்தக்கது சீரியல் நம்பர் மட்டுமே. அது டிஸ்கின் மேல் ஒட்டியுள்ள லேபிளிலும் இருக்கும், ஸ்மார்ட் எனப்படும் டிஸ்கின் சுய பரிசோதனைப் பதிவிலும் இருக்கும். பெட்டிக்குள் டிஸ்க் மாட்டிய பிறகு லேபிள் கண்ணில் படாது என்பதால், சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்துகளை ஒரு ஸ்டிக்கரில் எழுதி டிஸ்கின் விளிம்பில், கேபிள் பக்கமாக ஒட்டி வைப்பது நல்லது. மாட்டும் அன்றே ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர் இது.

அதே ஸ்மார்ட் பதிவு, டிஸ்க் உண்மையிலேயே பழுதா என்பதையும் சொல்லிவிடும். 5-ஆம் எண் வரிசையில் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், 197-இல் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் என்று எண்ணிக்கை இருக்கும். இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்றத்தான் வேண்டும். கேபிள் வழியில் நேரும் பிழைகளை எண்ணும் 199-ஆம் வரிசை மட்டும் ஏறி மற்றவை சுழியாக இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளை. நூறு ரூபாய் கேபிள் கோளாறுக்கு ஆயிரக்கணக்கில் டிஸ்க் வாங்க வைப்பதும் நம் தொழிலில் நடக்கத்தான் செய்கிறது. கேபிளால் விலகிய டிஸ்கைத் திரும்பச் சேர்க்கும்போது, எந்தப் பகுதிகள் இடையில் மாறின என்ற குறிப்பை லினக்ஸ் மிரர் வைத்திருக்கும்படி முன்கூட்டியே அமைத்திருந்தால், மாறிய பகுதிகளை மட்டும் எழுதிச் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

மாற்று டிஸ்க் வாங்குவதில் சில நுணுக்கங்கள் உண்டு. பழையதைவிட அளவில் ஒரு செக்டர் குறைந்தாலும் மிரர் அதை ஏற்காது. 4 டெராபைட் என்று உறையில் போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே கொஞ்சம் முன்பின் இருக்கலாம். முதலில் அமைக்கும்போதே கடைசியில் கொஞ்சம் இடம் விட்டுப் பகுதி பிரித்தால் இந்தத் தலைவலி வராது. அடுத்து, எழுதும் தடங்களை ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று சரித்து அடுக்கும் எஸ்எம்ஆர் வகை டிஸ்குகளைத் தவிர்க்க வேண்டும். தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கும்போது அவை மிகவும் மந்தமாகிவிடும் என்பதால், ரீபில்ட் பாதியில் தடுமாறலாம். நாஸ் பயன்பாட்டுக்கென்றே விற்கப்பட்ட தன் ‘ரெட்’ வரிசை டிஸ்குகளில் சிலவற்றில் இந்த முறை இருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2020 ஏப்ரலில் ஒப்புக்கொண்ட பிறகுதான் வாங்குகிறவர்கள் இதைக் கேட்கத் தொடங்கினார்கள். சாதாரண மேசைக் கணினி டிஸ்குகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. படிக்க முடியாத ஒரு செக்டர் எதிர்ப்பட்டால் அவை விடாப்பிடியாக ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டிருக்கும்; லினக்ஸ் வழக்கமாக 30 விநாடிதான் காத்திருக்கும்; பதில் வராததால் முழு டிஸ்கையே கெட்டுவிட்டதாகக் கருதி மிரர் விலக்கிவிடக்கூடும். நாஸ் வகை டிஸ்குகள் ஏழு விநாடி அளவில் முயற்சியைக் கைவிட்டுப் பிழை என்று சொல்லிவிடும். மிரர் அந்தப் பகுதியை மட்டும் அடுத்த டிஸ்கிலிருந்து எடுத்து, கெட்ட இடத்தில் திரும்ப எழுதிச் சரிசெய்துகொள்ளும். விலை வித்தியாசத்துக்கு உரிய பயன் இது.

ரீபில்ட் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கிறார்கள். 4 டெராபைட் டிஸ்க், விநாடிக்குச் சராசரியாக 150 மெகாபைட் எழுதினால் ஏழரை மணி நேரம். அலுவலகம் நடந்துகொண்டிருக்கும்போது செய்தால் இன்னும் கூடும். இரவில், யுபிஎஸ் பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்போது செய்வதே முறை. முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். கணினியை எழுப்பும் பகுதி மிரருக்கு வெளியே, முதல் டிஸ்கில் மட்டும் இருப்பது பல இடங்களில் வழக்கம். அதைப் புதிய டிஸ்கிலும் பதிந்துவிட்டு, பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றி வைத்து ஒரு முறை இயக்கிப் பார்த்தால்தான் மிரர் திரும்பிவிட்டதாகச் சொல்லலாம். மறுபடி மாட்டிய டிஸ்க் ஒத்திசைந்து முடிக்கும்வரை சர்வரை விட்டு நகரக் கூடாது.

டிஸ்க் விழாவிட்டாலும் மாதம் ஒரு முறை இரண்டையும் முழுதாகப் படித்து ஒப்பிடும் சோதனை நடக்க வேண்டும். டெபியன் லினக்ஸில் இது மாதத்தின் முதல் ஞாயிறன்று தானாக நடக்கும்படி பல காலமாகவே ஏற்பாடு உண்டு. ஞாயிறன்று சர்வரை அணைத்துவிடும் அலுவலகங்களுக்கு அதனால் பயனில்லை, நாளை மாற்றி வைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் யாரும் திறக்காத கோப்பின் இடத்தில் உள்ள கெட்ட செக்டர், இந்தச் சோதனை இல்லாவிட்டால் ரீபில்ட் நடக்கும் அன்றுதான் வெளிப்படும். இரண்டு நகலும் ஒத்துப்போகாத இடத்தில் எது சரி என்று சாதாரண மிரருக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருக்கும் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகளில்தான் சரியான நகல் எது என்று கண்டுபிடித்துத் திருத்த முடியும்.

மிரரும் பேக்கப்பும் ஒன்று என்ற எண்ணமே இவற்றையெல்லாம்விடப் பரவலானது. தவறுதலாக அழித்த கோப்பு அதே நொடியில் இரண்டு டிஸ்கிலும் அழியும். பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் வைரஸ் வந்தால் இரண்டிலும் பூட்டும். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்து அலுவலகங்களில் வெள்ளம் புகுந்தபோது, ஒரே பெட்டிக்குள் இருந்த டிஸ்க் ஒன்று நனைந்து மற்றொன்று தப்பியிருக்க வழியில்லை. சட்டமும் இதில் பேசுகிறது. கணக்குப் புத்தகங்களை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கம்பெனிகள், இந்தியாவில் உள்ள சர்வரில் அவற்றைத் தினந்தோறும் பேக்கப் எடுத்து வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் ஆண்டு ரிட்டர்னுக்குரிய கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டும். இவற்றுக்கு மிரர் இருக்கிறதே என்று பதில் சொல்ல முடியாது. சர்வரிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைக்கும் ஒரு டிஸ்க், அதிலிருந்து ஒரு கோப்பையாவது அவ்வப்போது திரும்ப எடுத்துப் பார்க்கும் பழக்கம் ஆகிய இரண்டும் இல்லாமல் மிரர் போடுவதைவிட, மிரர் இல்லாமல் இவை இரண்டும் இருப்பது மேல் என்பது என் கருத்து.

பழுது என்று கழற்றிய டிஸ்க் பற்றியும் ஒரு சொல். மிரரில் ஒவ்வொரு டிஸ்கும் முழு நகல் என்பதால், வாரண்டிக்குத் திருப்பித் தரும் டிஸ்கில் அலுவலகத்தின் அத்தனை கோப்பும் போகிறது. இயங்கும் நிலையில் இருந்தால் முழுதாக அழித்துவிட்டுத் தர வேண்டும். இயங்கவே இல்லை என்றால், மருத்துவமனை, ஆடிட்டர் அலுவலகம் போன்ற இடங்களில் வாரண்டியை விட்டுக்கொடுத்து டிஸ்கை உடைத்துப் போடுவதே சரி.

இவற்றில் பெரும்பாலானவை உரிமையாளர் தாமே செய்யும் வேலைகள் அல்ல என்பது எனக்குத் தெரியும். அவர் செய்யக்கூடியது ஒப்பந்தத்தில் கேட்பது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ‘சர்வர் பராமரிப்பு’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகின்றன. மாதாமாதம் ஒரு தாள் தர வேண்டும் என்று அதில் எழுதிச் சேர்க்கலாம்: இரு டிஸ்குகளின் சீரியல் நம்பர், மிரரின் நிலை, ஸ்மார்ட் பதிவில் ஏறிய எண்கள், கடைசியாக முழுச் சோதனை முடிந்த தேதி, பேக்கப்பிலிருந்து கோப்பு எடுத்துப் பார்த்த தேதி. டிஸ்க் விழுந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று டிஸ்க் வரும் என்பதும், எச்சரிக்கை மின்னஞ்சல் உரிமையாளரின் முகவரிக்கும் வரும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். இதற்குத் தயங்குகிற சர்வீஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடாமல் இருப்பது நல்லது. என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம்.

தங்கள் சிறுதொழில் பக்கத்தில் அந்த ஆலோசனைக்கு ஒரு திருத்தம் வெளியிட்டு, கடிதம் முழுவதற்கும் இடம் இல்லையென்றால் அந்த மாதாந்திரத் தாளில் இருக்க வேண்டிய விவரங்களை மட்டுமாவது அதனுடன் சேர்த்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பாளர் ஒருவர்,
சிவகாசி.